நல்ல துணி யாருக்கு?



பெருநாள் நெருங்க நெருங்கப் பினாங்குக் கடைத்தெருக்களில் கால் வைக்க இடமில்லை. அவரவர் தமக்கும் பிள்ளைகளுக்கும் உடுப்பு எடுப்பதோடு நின்றுவிடுவதில்லை. உற்றார் உறவினர், கூட்டாளிகள், மேலதிகாரிகள், வேலையாட்கள் என்று கொடுக்க வேண்டியவர்களுக்கும் சாமான் எடுக்கிறார்கள். இது நல்ல வழக்கமே. ஒருவருக்கொருவர் அன்பளிப்புச் செய்துகொண்டால் நேசம் வளரும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நமக்கு அறிவுறுத்தியிருப்பதை அறியாதார் நம்மில் யாருமில்லை. ஆனால், அழகும் வேலைப்பாடும் உள்ள பொருளைத் தேடி எடுத்துக் கொடுப்பது மரியாதையா, பகட்டா? அப்படிப்பட்ட பொருள் முதலில் யாருக்குச் சேரவேண்டியது? இவற்றை நாம் அவ்வளவாகச் சிந்திப்பதில்லை. நான் ஆலிமல்லன், மதரஸாவிலும் ஆறாம் வகுப்பு வரை பள்ளியிலும் படித்தவன். எனினும் இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் துணிக்கடையில் நிற்பவன். வாங்குவோரின் முகத்தையும் கையையும் பார்த்துப் பார்த்து எனக்குத் தோன்றியதை எழுதுகிறேன். பிழையிருப்பின் கற்றோர் திருத்துவார்களாக.

கடைக்கு வருவோரில் மிகப் பலர் இரண்டு சீட்டுகளோடு வருகிறார்கள். சிலரிடம் அது காகிதத்தில் இருக்கும், சிலரிடம் கைப்பேசியில் இருக்கும், சிலரிடம் மனத்துக்குள் இருக்கும். முதற் சீட்டில் சம்பந்தி வீட்டார், மாப்பிள்ளை, பாங்கி மேலாளர், மொத்த வியாபாரி, டத்தோ பட்டம் பெற்ற பெரியவர் ஆகியோர் இடம்பெறுவர். இரண்டாம் சீட்டில் வீட்டு வேலைக்கார அம்மா, கடைப் பையன்கள், கார் ஓட்டுகிறவர், பள்ளிவாசல் மோதினார், கணவரை இழந்த சின்னம்மா, ஊரிலிருந்து வந்து இங்கே ஒண்டிக்கட்டையாகக் காலம் தள்ளும் தூரத்து உறவு. முதற் சீட்டுக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். "அந்த நிறம் வேணாம் நானா, மாமிக்கு எடுப்பா இருக்காது", "அந்தத் திரங்கானுத் துணியை வெளிச்சத்துல காட்டுங்க" என்று அலமாரியே காலியாகிவிடும். இரண்டாம் சீட்டுக்கு ஐந்து நிமிடம் போதும். "எதுவா இருந்தா என்ன நானா, துணின்னு ஒண்ணு இருந்தாச் சரி. பத்து உருப்படி கட்டிடுங்க" என்பார்கள். நிறமும் கேட்பதில்லை, அளவும் கேட்பதில்லை.

வேலைப்பாடுள்ள பொருள்களை வாங்குவதே ஆடம்பரம், அதைத்தான் நாம் கண்டிக்கவேண்டும் என்று சொல்லும் நண்பர்கள் சிலர் உண்டு. அவர்கள் முதற் சீட்டைக் குறை சொல்கிறார்கள். நான் அவர்களோடு உடன்படவில்லை. தன் ஆடையும் காலணியும் அழகாயிருக்க வேண்டுமென்று விரும்புவது பெருமையாகுமா என்று ஒருவர் கேட்டபோது, அல்லாஹ் அழகானவன், அழகை விரும்புகிறவன் என்றும், பெருமை என்பது உண்மையை மறுப்பதும் மனிதர்களை இளக்காரமாக எண்ணுவதும்தான் என்றும் பொருள்பட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விளக்கம் அளித்த செய்தி ஹதீஸ் நூல்களில் வருகிறது. இந்த அளவுகோலைக் கொண்டு என் கடையை நான் அளந்து பார்க்கிறேன். மாமிக்கு எடுப்பான நிறத்தைத் தேடி ஒரு மணி நேரம் நின்ற அம்மையாரிடம் அந்த நேரத்தில் நான் பெருமையைக் காணவில்லை. மாமியின் முகத்தை மனத்தில் வைத்துக்கொண்டு தேடினார், அது அன்பு. அடுத்த ஐந்து நிமிடத்தில் அதே அம்மையார் சொன்ன "எதுவா இருந்தா என்ன" என்னும் சொல்லில்தான் பெருமை இருந்தது. ஆக, நாம் பயப்படவேண்டிய இடம் இரண்டாம் சீட்டு என்பது என் கருத்து.

இது நிற்க. நல்ல வேலைப்பாடு என்றால் என்ன என்று கொஞ்சம் சொல்லவேண்டும். ஏனெனில், நல்லதைக் கொடுக்கச் சொன்னவுடன், "எங்களிடம் அவ்வளவு பணமில்லையே" என்கிறார்கள். விலையும் வேலைப்பாடும் ஒன்றென்று எண்ணுவதால் வரும் மயக்கம் இது.

மலாய் மக்கள் காயின் பெலிக்காட் என்றழைக்கும் கட்டம்போட்ட கைலியை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னைக்கு வடக்கே உள்ள பழவேற்காட்டை வெள்ளைக்காரர்கள் புலிக்காட் என்றார்கள். அந்தப் பெயரே இந்நாட்டில் பெலிக்காட் ஆயிற்று. சோழமண்டலக் கரையில் நெய்த துணி கப்பலேறி வந்தது. சுமந்து வந்து விற்றவர்களில் நம் முன்னோரும் உண்டு. இன்றைக்கு மின்தறிச் சரக்கே மிகுதி, ஆயினும் கைத்தறி அடியோடு போய்விடவில்லை. கைத்தறியில் நெய்யும்போது துணி சுருங்காமலிருக்க இரு கரையையும் முள்ளால் பிடித்து விரித்து வைப்பார்கள். அந்த முள் பட்ட சிறு துளைகள் கரையோரம் வரிசையாகத் தெரியும். அதைப் பார்த்து ஓட்டைத் துணி என்று திருப்பிக் கொடுப்போர் இருக்கிறார்கள்! மொடமொடவென்று இருப்பதையும் நம்பக் கூடாது. ஒரு முனையைக் கையில் கசக்கினால் கஞ்சி மாவாக உதிரும். பிறகு வெளிச்சத்தில் பிடித்தால் நூல் எவ்வளவு நெருக்கம் என்பது தெரிந்துவிடும். ஈரக் கைக்குட்டையால் தேய்த்தால் சாயத்தின் யோக்கியதை விளங்கும். கைலியை மூட்டியிருக்கும் இடத்தில் கட்டத்தோடு கட்டம் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அதைச் சேர்த்துத் தைத்தவர் கவனமுள்ளவர். சேராமல் தைத்தவர் எண்ணிக்கைக்குத் தைத்தவர்.

பாத்தேக் துணியிலும் இப்படித்தான். மெழுகு தொட்ட செம்பு அச்சைத் துணியில் பதிப்பார்கள், அல்லது சாந்திங் என்னும் சிறு கருவியால் மெழுகை ஊற்றிக் கையால் வரைவார்கள். மெழுகு படிந்த இடத்தில் சாயம் ஏறாது; கடைசியில் வெந்நீரில் மெழுகை நீக்குவார்கள். சாயம் துணிக்குள் ஊறிவிடுவதால் முன்பக்கமும் பின்பக்கமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். இயந்திரத்தில் அச்சடித்த துணியைத் திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் வெளிறிக் கிடக்கும். திருப்பிப் பார்க்க அரை விநாடி ஆகாது. ஆயினும் இரண்டாம் சீட்டுக்கு யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை.

திரங்கானு, கிளந்தான் பகுதிகளில் பொன்னிழையும் வெள்ளியிழையும் ஊடே கோத்து நெய்யும் சொங்கெட் துணியைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. 2021ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் மலேசியாவின் சொங்கெட்டை மானிட குலத்தின் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அது விலை மிக்கது. எல்லோராலும் எல்லோருக்கும் கொடுக்க இயலாது, கொடுக்கவும் வேண்டாம். (வாங்கியவர்களுக்கு ஒரு வார்த்தை: அதை மடித்து வைக்காதீர்கள், உருட்டி வையுங்கள். மடித்த இடத்தில் இழை முறியும்.) ஆனால் சொங்கெட் வாங்க இயலாதவர் நல்ல கைலி வாங்கலாம். நம் கப்பித்தான் பள்ளியைச் சுற்றிய தெருக்களில் சொங்கோக் தொப்பியைக் கையால் தைத்த தமிழ் முஸ்லிம்கள் இருந்தார்கள். இன்றும் ஒரு சிலர் இருக்கிறார்கள். உள்ளே காகிதமும் துணியும் அடுக்கி, மேலே வெல்வெட் போர்த்தி, தலையை அளந்து தைக்கும் தொப்பி அது. மோதினாரின் தலையளவை ஒரு நூலால் எடுத்துப் போய்த் தைத்து வாங்கிக் கொடுங்கள். 300 வெள்ளிக்கு வாங்கும் பிரம்புக் கூடையில் ஒரு பங்குகூட ஆகாது.

பிரம்புக் கூடை என்றதும் ஹாம்பரைப் பற்றிச் சொல்லாமலிருக்க முடியவில்லை. கூடையின் அடியில் கசக்கிய காகிதமும் காலி அட்டைப் பெட்டியும்; அதன் மேல் நான்கு பிஸ்கட் டின், இரண்டு சர்பத் போத்தல்; சுற்றிலும் கண்ணாடித்தாள், உச்சியில் நாடாப்பூ. டின்கள் உயரமாக நிற்பதற்கே அந்த அட்டைப் பெட்டி! வாங்கியவர் அதைப் பிரிப்பதும் இல்லை. தம் பெயர்ச் சீட்டை ஒட்டி அடுத்த வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார். பெருநாள் முடிவதற்குள் ஒரே கூடை ஆயர் ஈத்தாமிலிருந்து பட்டர்வொர்த் வரை போய்த் திரும்பி வந்த கதைகளை நான் கேட்டிருக்கிறேன். கொடுத்தவருக்கும் அதில் பங்கில்லை, வாங்கியவருக்கும் அதில் பங்கில்லை. கண்ணாடித்தாள் விற்றவருக்கு மட்டும் லாபம்.

இனி இரண்டாம் சீட்டுக்கு வருவோம். இதில் நமக்கு வழிகாட்டுதல் இல்லாமல் இல்லை. மதீனாவில் அன்சாரிகள் தங்கள் தோட்டத்துப் பேரீச்சங் குலைகளைக் கொண்டு வந்து பள்ளிவாசலில் தொங்கவிடுவார்கள். மக்காவிலிருந்து வந்த ஏழை முஹாஜிர்கள் பசித்தபோது அதிலிருந்து உண்பார்கள். சிலர் நல்ல குலைகளைத் தமக்கு வைத்துக்கொண்டு, காய்ந்ததும் சொத்தையுமான குலைகளைக் கொண்டு வந்து கட்டினார்கள். அப்போதுதான் பகரா அத்தியாயத்தின் 267ஆம் வசனம் அருளப்பட்டது என்று விளக்கம் கூறுவர். உங்களுக்கு ஒருவர் கொடுத்தால் முகம் சுளித்தே வாங்கிக்கொள்ளக் கூடிய மட்டமான பொருளைத் தேடிப் பிடித்துப் பிறருக்குக் கொடுக்காதீர்கள் என்பது அதன் கருத்து. கவனியுங்கள்: அவர்கள் கொடுக்காமல் இருக்கவில்லை. கொடுத்தார்கள், பள்ளிவாசலிலேயே கொடுத்தார்கள். எதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதற்காகவே கண்டிக்கப்பட்டார்கள். தேர்ந்தெடுக்கும் கையைப் பற்றிய வசனம் அது. கடைக்காரனாகிய எனக்கு அதைக் கேட்கும்போதெல்லாம் என் மேசையில் குவிந்து கிடக்கும் துணிகளும் அவற்றின் மேல் நகரும் கைகளும் கண்ணுக்கு முன் வருகின்றன.

மதரஸாவில் எங்களுக்கு ஓதிக்கொடுத்த உஸ்தாது அடிக்கடி சொல்லும் செய்தி ஒன்று. ரபதா என்னும் ஊரில் அபூதர் (ரலி) அவர்களை ஒருவர் சந்தித்தார். அவர் அணிந்திருந்த அதே வகை ஆடையை அவருடைய அடிமையும் அணிந்திருந்தார். வியந்து காரணம் கேட்டார். அதற்கு அபூதர் (ரலி) அவர்கள், பணியாட்கள் உங்கள் சகோதரர்கள், நீங்கள் உண்பதிலிருந்து உண்ணக் கொடுங்கள், நீங்கள் உடுப்பதிலிருந்து உடுக்கக் கொடுங்கள் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தமக்கு உபதேசித்ததைக் கூறினார்கள். சிறுவனாயிருந்தபோது அது ஒரு கதையாகத்தான் என் காதில் விழுந்தது. துணி விற்கத் தொடங்கிய பிறகு, அது துணியைப் பற்றிய சட்டம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இதற்கு மூன்று மறுப்புகளைக் கேட்டிருக்கிறேன்.

ஏழைக்கு அழகு எதற்கு, காசாகக் கொடுத்தால் உதவுமே என்பது ஒன்று. வாடகை பாக்கி நிற்கும் வீட்டுக்குப் பட்டுத்துணி கொண்டுபோவது மடமைதான். அங்கே காசைக் கொடுங்கள். ஆனால் ஜகாத்தும் பித்ராவும் அவர்களுடைய உரிமை, நம்மிடம் உள்ள அவர்கள் பொருள். அவற்றைக் கொடுத்துவிட்டு அன்பளிப்புக் கொடுத்ததாக எண்ணிக்கொள்ளக் கூடாது. மேலும், ஏழைக்கு அழகு வேண்டாம் என்பவர் எந்த ஏழையைக் கேட்டுத் தெரிந்துகொண்டார்? என் கடையில் விலை கேட்டுவிட்டு வாங்காமல் போகும் பெண்கள் எந்தத் துணியைத் தடவிப் பார்க்கிறார்கள் என்று நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். மட்டமானதை அவர்கள் தொடுவதே இல்லை.

பெரியவர்களுக்கு நல்லதைக் கொடுக்காவிட்டால் வியாபாரம் நடக்குமா என்பது மற்றொன்று. நடக்காதென்றால் அதைச் செலவுக் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். அன்பளிப்பு என்று பெயர் வைக்காதீர்கள். வாங்குகிறவர் அதிகாரத்தில் இருப்பவரானால் அதற்கு வேறு பெயர் உண்டு. 2009ஆம் ஆண்டு ஊழல் தடுப்பு ஆணையச் சட்டம் அதைப் பார்த்துக்கொள்ளும். ஜகாத் வசூலிக்கப் போய்வந்த ஒருவர், இது உங்களுக்கு, இது எனக்கு அன்பளிப்பாக வந்தது என்று பிரித்து வைத்தபோது, தாய் தந்தையர் வீட்டில் உட்கார்ந்திருந்தால் அது தேடி வந்திருக்குமா என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வினவிய சம்பவம் ஒன்றே போதும்.

மூன்றாவது மறுப்பு கனமானது. உயர்ந்த பொருளைக் கொடுத்தால் வாங்கியவர் திருப்பிச் செய்ய இயலாமல் வருந்துவாரே, பெருநாளன்று நம் வீட்டுக்கு வரவே கூசுவாரே என்கிறார்கள். இது உண்மை. இதனால் வரத்துப் போக்கு நின்றுபோன குடும்பங்களை நான் அறிவேன். ஆகையால்தான் விலையைப் பேசாதீர்கள், வேலைப்பாட்டைப் பேசுங்கள் என்கிறேன். நல்ல நூலில் நெய்து கட்டம் சேர்த்து மூட்டிய கைலி யாரையும் கூசவைக்காது. வாங்கியவருக்குப் பொருந்துமா என்பதே கேள்வி. அபூ ஜஹ்ம் (ரலி) அவர்கள் அன்பளித்த சித்திரவேலை கொண்ட போர்வையின் மேல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பார்வை தொழுகையின்போது சென்றது. உடனே அதை அவருக்கே திருப்பி அனுப்பி, அவரிடமிருந்த வேலைப்பாடற்ற வேறொரு போர்வையைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். மாற்றாக ஒன்றைக் கேட்டு வாங்கியது, கொடுத்தவர் மனம் நோகக் கூடாது என்பதற்காகவே என்று அறிஞர்கள் விளக்கியிருக்கிறார்கள். அழகான பொருளும் இடம் தவறினால் இடைஞ்சல் என்பதையும், திருப்புவதிலும் ஒரு மரியாதை உண்டு என்பதையும் இதில் பார்க்கிறோம். நம் ஊரில் பக்கத்துக் கதவு சீன அன்பருடையதாக இருக்கும். அவருக்கு எவ்வளவு நேர்த்தியான கடிகாரமானாலும் கொடுக்காதீர்கள். கடிகாரம் கொடுப்பது அவர்கள் மொழியில் இறுதிச் சடங்கை நினைவூட்டும் ஒலியுடையது. இவ்வளவையும் ஆராய்ந்து பக்கத்து வீட்டாருக்குக் கொடுக்கத் தெரிந்த நமக்கு, நம் வீட்டுக்குள்ளேயே பாத்திரம் துலக்குகிறவருக்கு எது பொருந்தும் என்று மட்டும் தெரியாமல் போவது எப்படி?

சில ஆண்டுகளுக்கு முன், பெருநாள் கழிந்து பத்து நாளிருக்கும். வீட்டு வேலை செய்யும் ஓர் அம்மா, ஒரு கைலியையும் ஒரு வெள்ளைச் சட்டையையும் பையில் போட்டுக்கொண்டு வந்தார். மகனுடைய பள்ளிக்கூடச் சட்டை. கைலியோடு சேர்த்து நனைத்ததில் சட்டை முழுவதும் சிவப்பாகிவிட்டது. "பாய், இது உங்க கடைப் பைதானே? இந்தச் சாயம் போறதுக்கு ஏதாச்சும் வழி இருக்கா?" என்று கேட்டார். சரக்கின் குறையை மறைத்து விற்பது நமக்கு ஆகாது. ஆகையால் சாயம் போகும், தனியாக நனைக்கவேண்டும் என்று வாங்கியவரிடம் சொல்லியே கொடுத்திருந்தேன். பரவாயில்லை, வேலைக்காரிக்குத்தானே என்று வாங்கிப் போனார். நான் சொன்ன சொல் துணியோடு போய்ச் சேரவில்லை. சட்டையை உப்புநீரில் ஊறவைத்துப் பார்க்கச் சொன்னேன். தேறும் என்ற நம்பிக்கை எனக்கே இல்லை. வேறு கைலி ஒன்றை எடுத்துக் கொடுத்தேன்.

அதைக் கையில் வைத்துக்கொண்டே, "ஒண்ணு கேட்கிறேன் பாய். அம்மா அவங்க தங்கச்சிக்கும் இதத்தான் எடுத்தாங்களா?" என்றார்.

தங்கைக்கு எடுத்தது கையால் வரைந்த பாத்தேக். வெளிச்சத்தில் பிடித்து, திருப்பிப் பார்த்து, இரண்டு முறை மாற்றி எடுத்தது. ஒருவர் வாங்கியதை மற்றவரிடம் சொல்வது கடைக்காரனுக்கு அழகல்ல. பொய் சொல்வதும் ஆகாது. "யார் என்ன எடுத்தாங்கன்னு நான் சொல்லக் கூடாதும்மா" என்றேன். அவர் சற்றே சிரித்தார். நான் சொல்லாததிலிருந்து அவருக்கு விடை கிடைத்துவிட்டது. சட்டைக்கு விலை கேட்கவில்லை, யாரையும் குறை கூறவில்லை. பையை மடித்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார். அந்த வீட்டில் அவர் பதினோரு ஆண்டுகளாக வேலை செய்கிறவர். அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குச் சோறூட்டியவர்.

அது முதல், பெருநாள் வியாபாரத்தில் நான் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். இரண்டு சீட்டோடு வருவோரிடம், "இரண்டாவதை முதலில் பார்த்துவிடுவோமே" என்பேன். வந்தவுடன் கை தளராமலிருக்கும், கண் களைக்காமலிருக்கும், பணமும் முழுசாக இருக்கும். வேலைக்கார அம்மாவின் நிறமென்ன, உயரமென்ன, கைலி கட்டுவாரா, புடவை கட்டுவாரா என்று கேட்பேன். பலருக்கு உடனே பதில் வருவதில்லை; நின்று யோசிக்கிறார்கள். ஒரு சகோதரி வீட்டுக்குத் தொலைபேசியில் பேசி, பச்சை பிடிக்குமா நீலம் பிடிக்குமா என்று அந்த அம்மாவிடமே கேட்டார். மறுமுனையில் வெகுநேரம் பேச்சில்லை. பிறகு பச்சை என்று வந்தது. சிலர் சிரித்துக்கொண்டே, நானாவுக்கு வயசாகுது என்கிறார்கள். சென்ற ஆண்டு ஒருவர் சினந்து, "நான் துணி வாங்க வந்தேனா, பயான் கேட்க வந்தேனா?" என்று அடுத்த கடைக்குப் போய்விட்டார். அங்கே விலை கொஞ்சம் சகாயம் என்று கேள்வி.